பெயரோடு அச்சாக வேண்டிய முகங்கள்

பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துத் தரும் சுயாதீன ஒளிப்படக் கலைஞருக்கு வரும் வேலைக் குறிப்பு பெரும்பாலும் அரைப் பக்கத்தைத் தாண்டாது. தூத்துக்குடி உப்பளம். கட்டுரையின் முகப்பில் இரண்டு பக்கத்துக்கு விரியும் அகலப் படம் ஒன்று. இடத்தைக் காட்டும் படங்கள் ஐந்தாறு. தொழிலாளிகளின் உருவப்படம் மூன்று. அவ்வளவுதான் எழுதியிருக்கும். பயணப் படம் தனி, உருவப்படம் தனி என்று பிரித்துக் கேட்பது பக்கம் வடிவமைப்பவர்களின் வசதிக்காக. களத்தில் இறங்கியவுடன் அந்தக் கோடு அழிந்துவிடுகிறது. உப்பளத்தை ஆளில்லாமல் எடுத்தால் கிடைப்பது வெறும் வெள்ளை வெளி. பாத்திக்குள் வாருபலகையோடு நிற்கும் பெண்மணி அந்தப் படத்துக்குள் வந்த பிறகுதான் அது முள்ளக்காடாகவோ வேப்பலோடையாகவோ ஆகிறது.

அச்சில் வரும்போது வேறொரு கோடு முளைக்கிறது. கட்டுரைக்குக் கருத்துச் சொன்ன அதிகாரியின் சின்னப் படத்துக்குக் கீழே அவருடைய பெயர், முதலெழுத்து, பதவி எல்லாம் இருக்கும். எதிர்ப்பக்கம் முழுவதையும் நிறைத்திருக்கும் பெண்ணின் படத்துக்குக் கீழே 'உப்பு வாரும் தொழிலாளி' என்று மட்டும் இருக்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. முகத்தை அவ்வளவு பெரிதாக அச்சிட இடம் இருந்தது. பெயருக்கு அரை வரி இடம் இல்லையா? ஒளி, லென்ஸ், ஒப்பந்தம், வரி என்று இந்தத் தொழிலில் நான் கற்ற எதைப் பற்றிச் சொன்னாலும் பேச்சு இந்த அரை வரியில்தான் போய் நிற்கும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

உப்பளத்திலிருந்தே தொடங்குகிறேன். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தில். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகள் கரைந்து வேலை நின்றுவிடும். ஆகவே அக்டோபருக்குப் பிறகு போய் இறங்கினால் படம் எடுக்க ஒன்றும் இருக்காது. வெயில் ஏறிய மாதங்களில்தான் போக வேண்டும். அந்த வெயிலுக்குப் பயந்துதான் விடியும் முன்பே வேலை தொடங்குகிறது. சூரியன் எழும்போது அங்கே போய்ச் சேர்கிறவர் பாதி வேலையைத் தவறவிட்டவர். முதல் நாளே ஊரில் தங்கி, இருட்டில் கிளம்பி, தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் அவர்கள் வாருவதைப் பார்க்க வேண்டும். வானம் நீலமாக வெளுக்கத் தொடங்கும் கொஞ்ச நேரத்தில் அந்த விளக்கும் வானமும் ஏறக்குறைய ஒரே அளவு ஒளியில் இருக்கும். முகப்புப் படம் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் கிடைக்கும்.

வெயில் ஏறிய பிறகு அங்கே விசித்திரமான ஒரு வசதி உண்டு. கீழே பரந்து கிடக்கும் உப்பு, ஒளியை மேல்நோக்கித் திருப்பி அனுப்புகிறது. வேறு எந்த வெட்டவெளியிலும் நண்பகலில் முகத்தை எடுத்தால் கண்குழிகள் கறுத்துப்போகும். உப்பளத்தில் அந்த நிழலைக் கீழிருந்து வரும் ஒளியே நிரப்பிவிடும். தலையில் கட்டிய துணியின் விளிம்புக்குக் கீழேகூடக் கண் தெளிவாகத் தெரியும். ஆனால் கேமராவின் ஒளிமானி இங்கே ஏமாறும். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கணக்கிடுவதுதான் அதன் இயல்பு; வெள்ளையைப் பார்த்ததும் ஒளியைக் குறைத்துவிடும். உப்பு அழுக்குச் சாம்பலாகவும், ஏற்கெனவே கறுத்த முகங்கள் கரியாகவும் பதிவாகும். ஒரு ஸ்டாப் முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டி வைத்துக்கொண்டு (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரண்டு மடங்காகும்), முகத்தில் ஒளி சரியாக விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். உப்பின் ஓரிரு மூலைகள் வெளிறிப் போனால் போகட்டும். கறுத்த தோலின் நுணுக்கங்களைப் பலி கொடுத்துப் பின்னணியைக் காப்பாற்றுவது, யாருக்காகப் படம் எடுக்கப் போனோம் என்பதையே மறந்த செயல்.

கருவிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. உப்புக் காற்றில் லென்ஸைக் கழற்றி மாற்றாதீர்கள். இரண்டு கேமராக்களில் 35 மி.மீ. ஒன்றும் 85 மி.மீ. ஒன்றும் பூட்டி எடுத்துச் செல்வதே பாதுகாப்பு. மாலையில் அறைக்கு வந்ததும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் உடலையும் பொத்தான் இடுக்குகளையும் துடைத்துவிட்டு, பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த துணியை முதலில் எடுத்தால் உப்புப் பரல் கண்ணாடியைக் கீறிவிடும்.

இனி ஒப்புதல். இதைத்தான் அதிகம் பேச வேண்டும். உப்பளத்துக்குள் போக உரிமையாளரின் அனுமதி வேண்டும். கணக்கப்பிள்ளை கூடவே வருவார். "ஆச்சி, இவர் பத்திரிகையிலிருந்து வந்திருக்கிறார், படம் எடுத்துக்கொள்ளட்டும்" என்று அவரே சொல்லிவிடுவார். அந்தப் பெண்மணியும் தலையை ஆட்டுவார். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கூலி கொடுப்பவரின் ஆள் பக்கத்தில் நிற்கும்போது மறுக்க யாரால் முடியும்? நான் அப்போது கேமராவைத் தொடுவதில்லை. தேநீர் நேரத்தில் அவர்கள் உட்காரும் இடத்துக்குத் தனியாகப் போய், எந்தப் பத்திரிகை, எவ்வளவு பேர் படிப்பார்கள், இணையத்திலும் வருமா, அதை அவர்கள் பிள்ளைகளும் ஊராரும் பார்க்க வாய்ப்பு உண்டா என்பதையெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்கிறேன். சிலர் வேண்டாம் என்பார்கள். வெளியூரில் படிக்கும் மகளுக்குத் தன் வேலை தெரிய வேண்டாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். முகம் நன்றாக இருந்தது, ஒளியும் இருந்தது, எடுக்கவில்லை. சரி என்று சொல்கிறவர்கள் அதன்பிறகு நிற்கும் நிலையே வேறு. தானே முடிவு செய்து நிற்கும் ஒருவரின் தோளில் அது தெரியும். எந்த லென்ஸும் அதைக் கொண்டுவராது.

வேலையை நிறுத்தி அவர்களை நிற்க வைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வெயில் உச்சிக்கு ஏறும் முன் முடிக்க வேண்டிய வேலை அது. அரை மணி நேரம் நாம் பிடித்து வைத்தால், அந்த அரை மணி நேரத்தை அவர்கள் கொதிக்கும் வெயிலில் ஈடு செய்ய வேண்டியிருக்கும். வேலை நடக்கும்போது நடப்பதை எடுக்கலாம். உருவப்படத்தைத் தேநீர் நேரத்துக்கோ வேலை முடிந்து கைகால் கழுவிய பிறகோ வைத்துக்கொள்ளலாம். கழுவிய பிறகு என்றால் உழைப்பின் அடையாளம் போய்விடுமே என்று ஒரு வடிவமைப்பாளர் என்னிடம் வருத்தப்பட்டார். கை கழுவி, புடவையைச் சரிசெய்துகொண்டு, தலைமுடியை ஒதுக்கிவிட்டு நிற்க ஒருவர் விரும்பினால் அது அவருடைய உரிமை. அழுக்கோடு இருந்தால்தான் உண்மை என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததென்று யோசிக்க வேண்டும். ஓர் அமைச்சரை அப்படி நிற்கச் சொல்ல மாட்டோம்.

உலோகச் சிலைகள் வார்க்கும் சுவாமிமலையில் நிலைமை நேரெதிர். அங்கே வெளிச்சமே கிடையாது. ஸ்தபதிகளின் பட்டறைகள் பெரும்பாலும் தாழ்ந்த கூரையும் சிறிய சன்னலும் கொண்டவை. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிய கலவையில் உருவத்தைச் செய்து, காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி உலர்த்தி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஊற்றும் நேரத்தை எடுக்கத்தான் எல்லோரும் ஓடுகிறார்கள். ஆயிரம் டிகிரி செல்சியஸ் அளவில் உருகிய உலோகம் தானே ஒளிர்வதால் படம் எளிதாக அமைந்துவிடும்: உலோகத்துக்கு ஒளியைக் கணக்கிட்டு, மற்றதை இருளில் விட்டுவிட்டால் போதும். நிற்கும் இடத்தை மட்டும் ஊற்றுகிறவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அவர் பின்னால் ஓரடி வைக்க வேண்டி வந்தால் அங்கே நாம் இருக்கக் கூடாது.

எனக்கு அதைவிடப் பிடித்தது மெழுகு வேலை. மெழுகில் விரல் நகத்தளவு ஆபரணம் செய்யும் முதியவர் சன்னலோரம்தான் உட்கார்ந்திருப்பார். ஒளி அவருக்கும் வேண்டுமே. நாம் புதிதாக ஒளி அமைக்கத் தேவையில்லை, அவர் தன் வேலைக்கென்று பல ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் ஒளியே போதும். நான் முதலில் கேட்பது ட்யூப் லைட்டை அணைக்க முடியுமா என்பதைத்தான். சன்னல் ஒளியும் ட்யூப் லைட்டும் கலந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் பச்சையாகவும் விழும். கணினியில் எவ்வளவு முயன்றாலும் முழுதாகச் சரியாகாது. இருண்ட பக்கம் மிகவும் இருண்டிருந்தால் வெள்ளை வேட்டி ஒன்றை நாற்காலி முதுகில் விரித்துப் போட்டு ஒளியைத் திருப்பலாம். பெட்டிக்கடையில் கிடைக்கும் தெர்மாகோல் அட்டையும் போதும். விலை உயர்ந்த குடை விளக்குகளைச் சிறிய பட்டறைக்குள் விரித்தால், அது அவருடைய இடமாக இருப்பது நின்று நம்முடைய ஸ்டூடியோ ஆகிவிடும்.

கிராமத்துத் திண்ணைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். காரைக்குடிப் பக்கத்து வீடுகளிலும் சாதாரண ஓட்டு வீடுகளிலும் திண்ணைதான் முதல் தேர்வு. மேலே கூரை வெயிலை மறைக்கும்; எதிரே தெரு முழுவதும் ஒளி பரவியிருக்கும். திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கும் முகத்தில் அந்த ஒளி மெதுவாகப் பரவும். பெரிய வீடுகளின் முற்றத்தில் ஒளி மேலிருந்து விழுவதால் முகத்தைச் சற்றே நிமிர்த்தச் சொல்ல வேண்டும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கற்களின் சிவப்பும் மஞ்சளும் கீழிருந்து தாடையில் ஏறுவதையும் கவனிக்க வேண்டும்.

நம் ஊரில் வயதானவர்களைப் படம் எடுத்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கேமராவைக் கண்டதும் எழுந்து நிற்பார்கள். துண்டைத் தோளில் சரியாகப் போடுவார்கள். கைகளை உடலோடு ஒட்டி, சிரிக்காமல், நேராகப் பார்ப்பார்கள். "இயல்பாக இருங்கள் ஐயா" என்று அவர்களிடம் சொல்ல வேண்டாம். அவர்கள் தலைமுறையில் ஒளிப்படம் என்பது கல்யாணத்துக்கும் மணிவிழாவுக்கும் ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டது. அந்த நிற்கும் முறையில் ஒரு கௌரவம் இருக்கிறது. அந்தப் படத்தை முதலில் எடுங்கள், அக்கறையோடு எடுங்கள். அது அவர்கள் வீட்டுச் சுவருக்கான படம். எடுத்து முடித்துக் காட்டியதும் அவர்களுக்குள் ஓர் இறுக்கம் தளரும். பிறகு பேச்சுத் தொடங்கும். பத்திரிகைக்கான படம் அந்தப் பேச்சுக்கிடையே வரும். சில சமயம் முதல் படமே சிறந்தது என்று தெரிந்து அதையே அனுப்பியிருக்கிறேன்.

பிரபலமானவர்களை எடுப்பது இதைவிடச் சுலபம். ஆனால் நேரம் இருக்காது. பத்து நிமிடம் என்பார்கள், ஆறு நிமிடம் கிடைக்கும். அரை மணி நேரம் முன்னதாகப் போய், ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கிருக்கும் உதவியாளரை நிறுத்தி ஒளியைச் சோதித்து வைத்துவிட்டால் ஆறு நிமிடம் போதுமானது. ஒரு படம் அகலத்தில், ஒரு படம் உயரத்தில், தலைப்பு வைக்க இடம்விட்டு ஒன்று. வடிவமைப்பாளர் இந்த மூன்றையும் கட்டாயம் கேட்பார்.

பயணப் படங்களுக்கு வந்தால் அனுமதிகளே பெரிய வேலை. தஞ்சைப் பெரிய கோயிலும் மாமல்லபுரமும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. கையில் பிடித்து எடுப்பதற்குச் சிக்கல் இல்லை. முக்காலி வைக்கத் துறையின் முன் அனுமதி வேண்டும். அதற்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியிருப்பதால், வேலையை ஒப்புக்கொள்ளும் அன்றே விண்ணப்பம் போய்விட வேண்டும். கோயில்களுக்குள் கைபேசி கொண்டுசெல்வதைத் தடுக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்ட பிறகு, கைபேசியில் எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் உதவாது. ட்ரோன் பறக்கவிட 2021ஆம் ஆண்டு விதிகளின்படி வான்வெளி வரைபடத்தில் அந்த இடம் எந்த நிற மண்டலத்தில் இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

முக்காலி விண்ணப்பம் எழுதும்போதெல்லாம் லின்னேயஸ் டிரைப்பை நினைத்துக்கொள்வேன். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1850களின் பிற்பகுதியில் மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று மாட்டு வண்டிக் காலத்தில் சுற்றியவர். பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்தப் பொறுமைக்கு முன்னால் நம்முடைய அவசரம் கூசுகிறது. அன்றைய காகித நெகட்டிவில் வானம் வெறுமையாக விழுந்ததால் சில படங்களில் மேகத்தைக் கையாலேயே தீட்டியும் இருக்கிறார். இன்றைய பத்திரிகைப் படத்தில் அதற்கு இடமில்லை. ஒளியையும் நிறத்தையும் சீர்செய்யலாம். இல்லாததைச் சேர்க்கவோ இருப்பதை நீக்கவோ கூடாது. அவருடைய கோயில் படங்களில் மனிதர்கள் மிக அரிது என்பதும் கண்ணை உறுத்துகிறது. அந்த வண்டியை ஓட்டியவர்கள், கருவிகளையும் ரசாயனத்தையும் சுமந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான். அவர்கள் முகம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.

பெயருக்கு வருகிறேன். எடுத்தவுடன், அந்த இடத்திலேயே, அவரிடமே பெயரைக் கேட்கிறேன். எழுதத் தெரிந்தவர் என்றால் என் குறிப்பேட்டில் அவரே எழுதட்டும். இல்லையென்றால் அவர் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்துகொள்கிறேன். முதலெழுத்து, ஊர், செய்யும் வேலைக்கு அந்த ஊரில் வழங்கும் பெயர், எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறார் என்பதும் சேரும். அன்றிரவே அது படக்கோப்பின் உள்விவரத்தில் ஏறிவிடும்; கோப்பு எங்கே போனாலும் பெயரும் கூடவே போகும். படக்குறிப்பை எழுதும்போது பெயரைத் தனியாக வைக்காமல் வாக்கியத்தின் எழுவாயாக வைப்பது என் வழக்கம். "முள்ளக்காட்டைச் சேர்ந்த இன்னார் விடியும் முன் உப்பு வாருகிறார்" என்று எழுதினால், பெயரை வெட்டுகிறவர் வாக்கியத்தையே மறுபடி எழுத வேண்டும். அச்சுக்குப் போகும் அவசரத்தில் அதைச் செய்ய யாருக்கும் நேரமிருக்காது.

பெயர் வரக்கூடாத இடங்களும் உண்டு. கூலியைப் பற்றியோ முதலாளியைப் பற்றியோ துணிந்து பேசியவரின் பெயரை அச்சிட்டால் மறுநாள் அவருக்கு வேலை இருக்காது. அப்போது முகத்தையும் எடுக்காமல், வெயிலில் வெடித்த பாதங்களையோ பின்புறத்தையோ எடுக்கிறேன். பெயரை மட்டும் மறைத்து முகத்தைக் காட்டுவது பாதுகாப்பு ஆகாது.

பணமும் சட்டமும் சலிப்பூட்டும் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவை ஒருமுறையாவது படியுங்கள். பணம் கொடுத்து ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் எடுக்கப்பட்ட ஒளிப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர் என்கிறது அது. எடுத்தவருக்கே உரிமை என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தின் துணை கிடையாது. ஆகவே வேலையை ஏற்கும் மின்னஞ்சலிலேயே உரிமை என்னுடையது, இந்த இதழுக்கும் அதன் இணையப் பக்கத்துக்கும் இத்தனை மாதங்களுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எழுதி, அவர்களின் பதிலையும் வாங்கிவிடுகிறேன். உரிமையை எழுதிக் கொடுக்க வேண்டி வந்தாலும் காலத்தையும் நிலப்பரப்பையும் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒளிப்படத்தின் பதிப்புரிமை, எடுத்தவரின் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் நீள்கிறது. நம் பிள்ளைகளுக்கும் சேர வேண்டிய சொத்தை ஒரு மின்னஞ்சல் எழுதச் சோம்பல்பட்டு இழக்கலாமா?

விளம்பரத்துக்கு யாராவது அதே முகத்தைக் கேட்டு வந்தால், படத்தில் இருப்பவரின் எழுத்துபூர்வமான சம்மதமும் அவருக்கான தொகையும் இல்லாமல் நான் கொடுப்பதில்லை. பத்திரிகைக் கட்டுரைக்கு என்று சொல்லி வாங்கிய சம்மதம் சோப்பு விற்க ஆகாது.

கட்டணம் தாமதமாவது இந்தத் தொழிலின் நோய். ஓர் இதழிடமிருந்து வர வேண்டிய தொகைக்காக மாதக்கணக்கில் தொலைபேசியில் கெஞ்சியிருக்கிறேன். மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்த பிறகு பேச்சு மாறியது. பதிவு இலவசம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் தவணை வைக்க முடியாது. தாண்டினால் கூட்டு வட்டி உண்டு. விலைப்பட்டியலின் கீழே பதிவு எண்ணோடு இதை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் கணக்குப் பிரிவினர் கவனிப்பார்கள். தொழில்முறைக் கட்டணத்தில் பொதுவாக 10 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். அது நம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று ஆண்டு முடிவில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டின் மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவைப்படாது.

ஒப்பந்த மின்னஞ்சலில் இன்னும் இரண்டு வரிகளைச் சேர்க்கிறேன். பெயரை நீக்குவதாக இருந்தால் முன்கூட்டியே என்னிடம் சொல்ல வேண்டும் என்பது ஒன்று. படத்தில் இருப்பவருக்கு அச்சுப் பிரதி தர எனக்கு உரிமை உண்டு என்பது மற்றொன்று. இரண்டாவதை யாரும் மறுத்ததில்லை. முதலாவதைச் சில ஆசிரியர்கள் அடித்துவிடுவார்கள். அப்போது அச்சுக்கு முந்தைய நாள் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்கிறேன்.

அச்சுப் பிரதிகளை எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் போட்டு, பின்புறம் பெயரும் தேதியும் எழுதி அனுப்புகிறேன். உப்பளத்துக்குப் போகிறவர்கள் பகலில் வீட்டில் இருப்பதில்லை. தபால்காரர் திரும்பிப் போய்விடுவார். ஆகவே மகளிர் குழுத் தலைவியின் முகவரிக்கோ அவர்கள் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடைக்கோ அனுப்ப முடியுமா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கடற்கரை ஊர்களுக்கு என்றால் லேமினேட் செய்தே அனுப்புங்கள். ஈரக் காற்றில் கண்ணாடிச் சட்டத்துக்குள் படம் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது முகம் உரிந்துவிடுகிறது.